பழக்கம் எங்கே குடியிருக்கிறது?



நல்ல பழக்கங்களால் வாழ்வைப் பயனுள்ளதாக்கிக்கொள்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் ஒரு வசதி உண்டு. விடியலில் எழுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். இங்கே இருக்கிற யாருக்கும் இவை தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

பழக்கத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற வாசல் ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட 'உளவியல் கோட்பாடுகள்' என்ற இரண்டு தொகுதி நூலில் பழக்கத்துக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. புதிய பழக்கத்தைத் தொடங்குகிறவன் அதை முழு வேகத்தோடு, நாலு பேர் அறியத் தொடங்க வேண்டும். அது வேரூன்றும் வரை ஒரு நாள்கூட விலக்குக் கொடுக்கக் கூடாது. செய்யக் கிடைக்கிற முதல் வாய்ப்பிலேயே செய்துவிட வேண்டும். இவை அவர் சொன்ன விதிகளில் முக்கியமானவை. படித்தால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். ஆனால் அந்த நூலின் கதையையும் கேளுங்கள். பதிப்பாளர் ஹென்றி ஹோல்ட்டோடு ஜேம்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டது 1878இல். இரண்டே ஆண்டில் தருவதாகச் சொன்னார். புத்தகம் வந்தது 12 ஆண்டுகள் கழித்து. விலக்கே கூடாது என்று எழுதிய கை, பத்து ஆண்டு விலக்கு எடுத்துக்கொண்டது!

ஜேம்ஸைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்தில் பிறந்த நூல்தான் உளவியல் துறைக்கே அடித்தளமாக நின்றது. பழக்கத்தைப் பற்றிய அறிவு வேறு, பழக்கம் வேறு என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. மன உறுதி இல்லாதவர் என்று அவரை யாராவது சொல்ல முடியுமா? அப்படியானால் நம் வீட்டுப் பிள்ளை காலையில் எழவில்லை என்றால் உடனே 'உனக்கு மன உறுதியே இல்லை' என்று ஏன் சொல்கிறோம்?

ஒரு நாள் தவறினால் எல்லாம் போய்விடுமா என்ற கேள்விக்கு நூறாண்டு கழித்துத்தான் அளந்து பார்த்துப் பதில் சொன்னார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு சிறு செயல். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பின் ஒரு தம்ளர் தண்ணீர், மாலை உணவுக்கு முன் கொஞ்சம் ஓட்டம், இப்படி. செய்தார்களா, யோசிக்காமல் தானாக வந்ததா என்று 84 நாள் பதிவு செய்தார்கள். அந்தச் செயல் 'தானாக நடப்பது' என்ற நிலையை நெருங்க ஆன நாள்களின் நடு அளவு 66. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரியது: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள். 84 நாளில் முடிந்த ஆய்வில் 254 எப்படி வந்தது என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார். ஒவ்வொருவருடைய முன்னேற்றத்தையும் வளைகோடாக வரைந்து, அந்தக் கோட்டை நீட்டிப் போட்ட கணக்கு அது. எனவே அந்தப் பெரிய எண்ணைக் கல்வெட்டாக்க வேண்டாம். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி படிய நாளானது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது கிட்டத்தட்ட எந்தச் சேதமும் செய்யவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்களுக்குப் பழக்கம் படிந்தது.

அப்படியானால் '21 நாளில் பழக்கம்' என்று மேடைக்கு மேடை கேட்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற நியூயார்க் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முகத்தைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றுக்குமான விதியாகிவிட்டது. இருபத்திரண்டாம் நாளும் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தவன், குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்கிறான்.

நமக்கும் ஓர் எண் உண்டு. சித்த மருந்து சாப்பிடுகிறவருக்கு ஒரு மண்டலம், 48 நாள். சபரிமலைக்கு மாலை போடுகிறவருக்கு 41 நாள் விரதம். எண்ணை விடுங்கள். மாலை போட்ட மனிதரைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, பழக்கம் பற்றிப் படிப்பதற்கு நம் கண்முன் இருக்கிற மிகச் சிறந்த பாடம் அவர்தான்.

ஆண்டு முழுவதும் குடித்தவர் கார்த்திகை முதல் நாள் நிறுத்திவிடுகிறார். விடியலில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். செருப்பில்லாமல் நடக்கிறார். தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். மருத்துவர் சொன்னபோதும், மனைவி அழுதபோதும், பெற்ற தாய் காலில் விழாத குறையாகக் கெஞ்சியபோதும் முடியாதது இப்போது எப்படி முடிகிறது? பக்தி என்பார்கள். பக்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு என்னென்ன சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். கழுத்தில் மாலை கிடக்கிறது. கை எதை எடுத்தாலும் அது மார்பில் தட்டுகிறது. உடை மாறிவிட்டது. பெயரே மாறிவிட்டது, தெருவில் சின்னப் பையன்கூட 'சாமி' என்று கூப்பிடுகிறான். 'சாமி' என்று கூப்பிடப்பட்டவர் எப்படி மதுக்கடை வரிசையில் போய் நிற்பார்? கூட்டாளிகள் மாறுகிறார்கள்; வழக்கமாகக் குடிக்கப் போகிற மாலை நேரத்தில் பஜனை. கேள்வி கேட்கக் குருசாமி இருக்கிறார். வீட்டில் சமையல் மாறுகிறது. இத்தனையும் சேர்ந்து அந்த மனிதரைத் தாங்கிப் பிடிக்கின்றன. 41 நாளும் அவருடைய மனம் பெரிதாகப் போராட வேண்டிய அவசியமே பல நேரம் வருவதில்லை.

பிறகு மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றுகிறார். வேட்டி மாறுகிறது. பழைய பெயர் திரும்புகிறது. பழைய மாலை நேரம், பழைய நண்பர், பழைய தெருமுனை. சிலர் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள், அவர்களை வணங்குகிறேன். பலர் அந்த வாரமே திரும்பிவிடுகிறார்கள். ஊர் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒழுக்கம் அவருக்குள் இருந்ததாக நாம் நினைத்தோம். அதில் பாதி மாலையிலும் உடையிலும் பஜனைக் கூடத்திலும் இருந்தது. அவற்றைக் கழற்றி வைத்த பிறகு மீதிப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இதையே தலைகீழாகக் காட்டிய வரலாற்று நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் தண்ணீர் பட்ட பாடாகப் புழங்கியது. 1971இல் அதிபர் நிக்சனின் அரசு விழித்துக்கொண்டு, ஊர் திரும்பும் விமானத்தில் ஏறுமுன் சிறுநீர்ப் பரிசோதனையில் தேற வேண்டும் என்று விதி போட்டது. ஆயிரக்கணக்கான போதை அடிமைகள் நாட்டுக்குள் வந்து இறங்கப்போகிறார்கள் என்ற அச்சம். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டு செப்டம்பரில் திரும்பிய வீரர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகத்தான் இருந்திருக்கிறார். ஆனால் அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டுக்குள் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம்தான். முடிவைக் கேட்ட பலர் நம்ப மறுத்தார்கள். ராபின்ஸ் ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. வியட்நாமில் மலிவாகவும் தூய்மையாகவும் கிடைத்த சரக்கு ஊரில் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்தான். அதையும் சேர்த்தே சொல்கிறேன்: கிடைக்கும் இடம், கூட இருந்தவர்கள், அந்தக் காடு, அந்தப் பயம், அந்தச் சலிப்பு எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. அவற்றில் குடியிருந்த பழக்கமும் பெரும்பாலானோருக்கு அங்கேயே நின்றுவிட்டது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறோம். தொட்டில் அதே வீட்டில், அதே உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் உண்மைதான்.

பழக்கத்தை மாற்ற நினைக்கிறவர் தன் மனத்தோடு மல்லுக்கு நிற்பதைக் குறைத்துக்கொண்டு, இடத்தையும் நேரத்தையும் ஆள்களையும் மாற்றி வைக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. இதற்கு எளிய சான்று இங்கிலாந்தில் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன கேடு வரும் என்று ஒரு குழுவுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவும் அதையே படித்தது. கூடவே, 'அடுத்த வாரம் எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் செய்வேன்' என்று ஒரு வரி எழுதவும் செய்தது. மூன்றாவது குழுவுக்கு இரண்டும் இல்லை. எதுவும் பெறாதவர்களில் 38 சதவீதத்தினர் பயிற்சி செய்தார்கள். அறிவுரை மட்டும் படித்தவர்களில் 35. நாளும் இடமும் எழுதியவர்களில் 91. அவரவர் சொன்ன கணக்கு, ஒரு வாரத்துக் கதை. அதனால் அந்த 91ஐ நான் தலையில் தூக்கிவைத்து ஆடமாட்டேன். ஆனால் அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்ற பகுதி, மேடையில் நிற்கிற எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.

இந்த ரகசியத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள் கைப்பேசிச் செயலி செய்கிறவர்கள். பக்கத்தின் அடி வந்தால் கை நின்றுவிடும் என்று கண்டு, அடியே இல்லாத பக்கத்தைச் செய்தார்கள். 2006இல் அதை வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் உருட்டிக்கொண்டிருக்கிற பையன் மன உறுதி இல்லாதவன் என்றால், அவனுக்கு எதிரே அணிவகுத்து நிற்கிற பொறியாளர் கூட்டம் எதற்கு?

இனி, இந்தத் தலைப்பில் யாரும் அதிகம் பேசாத ஒன்றுக்கு வருகிறேன்.

ஆந்தனி ட்ரோலப் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். 1834இல் தபால் துறையில் எழுத்தராகச் சேர்ந்து 1867 வரை அரசு வேலையில் இருந்துகொண்டே எழுதினார். மொத்தம் 47 நாவல்கள். தினமும் காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். எத்தனை பக்கம் ஆயிற்று என்று குறிப்பேட்டில் பதிவு. காலை உணவுக்கு முன் எழுத்து வேலை முடிந்துவிடும். அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல், தன்வரலாறு வெளிவந்தபோது, கலையைக் கடிகாரம் வைத்து அளந்தாரா என்று வாசகர்கள் முகம் சுளித்தார்கள். பழக்கத்தின் மேன்மைக்கு உதாரணமாக அவரை இன்று எல்லாரும் காட்டுகிறார்கள்.

அதே தன்வரலாற்றில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவரை எழுப்புவதற்கென்று வீட்டில் ஒரு வயதான வேலையாள் இருந்தார். ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்கே தான் அதிகம் கடன்பட்டிருப்பதாக ட்ரோலப் எழுதினார். ஐந்தரைக்கு மேசையில் உட்காருகிறவருக்குக் காபி வேண்டும். அப்படியானால் காபி போடுகிறவர் எத்தனை மணிக்கு எழுந்தார்? அவருக்கு யார் காபி கொடுத்தது? ட்ரோலப்பாவது சொன்னார். மற்றவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

நம் வீடுகளில் இது இன்னும் மௌனமாக நடக்கிறது. 'அவர் தினம் ஐந்து மணிக்கு எழுந்து தியானம், யோகா, நடை எல்லாம் தவறவே மாட்டார்' என்று ஒருவரைப் பாராட்டுகிறோம். அந்த நேரத்தில் அதே வீட்டில் ஒரு பெண் வாசல் தெளித்து, பால் காய்ச்சி, இரண்டு அடுப்பில் மூன்று வேலை செய்து, டிபன் கட்டி, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டிருப்பார். அவரும் ஐந்துக்குத்தான் எழுந்தார், பல வீடுகளில் நாலரைக்கே. அதற்குப் பெயர் ஒழுக்கம் என்றோ சாதனை என்றோ யாரும் சொல்வதில்லை, வேலை என்கிறோம். தனக்கென்று கால் மணி நேரம் இல்லாத ஒருவரிடம் 'உங்களுக்கான காலைப் பொழுதை உருவாக்கிக்கொள்ளுங்கள்' என்று புத்தகம் எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. வீட்டில் யாராவது நல்ல பழக்கம் ஒன்றைத் தொடங்க விரும்பினால், முதலில் செய்ய வேண்டியது அந்த நேரத்துக்குரிய வேலையை இன்னொருவர் வாங்கிக்கொள்வது. சுடுதண்ணீர் வைப்பது, தோசை வார்ப்பது போன்ற வேலைகளைச் சொல்கிறேன்.

பெஞ்சமின் பிராங்க்ளினைச் சொல்லாமல் போனால் குறை சொல்வார்கள். பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரம் ஒரு குணம் என்று எடுத்துக்கொண்டு, தவறும்போதெல்லாம் குறிப்பேட்டில் கரும்புள்ளி வைத்தவர். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டதால் தந்த ஏடுகளுக்கு மாறினார். ஒழுங்கு என்ற குணம் மட்டும் கடைசி வரை தனக்குக் கைவரவில்லை என்று முதுமையில் எழுதி வைத்தார். முழுமை கிட்டாவிட்டாலும் முயன்றதால் நன்மையே என்பது அவர் கண்ட முடிவு. அந்த நேர்மைக்காக அவரைப் பிடிக்கும். கடையைக் கவனித்தும் தாள் தைத்தும் உதவிய மனைவி டெபோராவையும் அவர் மறக்கவில்லை. ஆனால் வீட்டில் அடிமைகளை வைத்திருந்த அந்த மனிதருடைய கரும்புள்ளிக் கணக்கில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. அடிமை ஒழிப்புச் சங்கத்துக்கு அவர் தலைவரானது 1787இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு. தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் குறிப்பேடு தன் கண்ணுக்குத் தெரிகிற குற்றங்களை மட்டுமே பிடிக்கும்.

கடைசியாக நோக்கம். வாழ்வின் நோக்கத்தை முதலில் கண்டுபிடியுங்கள், பழக்கம் பின்னால் வரும் என்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? திருதிருவென்று விழிப்பான். நம் மண்ணில் நடந்த ஒரு பெருஞ்செயல் இதற்கு நேர் எதிராகவே நடந்தது.

உ.வே.சாமிநாதையர் இளமையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1876இல் ஆசிரியர் மறையும் வரை அதுதான் அவருடைய நாள். கேட்பது, ஏட்டைப் படிப்பது, எழுதுவது. இதில் பெரிய இலட்சியத் திட்டம் எதுவும் இல்லை. தமிழ் மேல் ஆசை, ஆசிரியர் மேல் பக்தி, பிழைக்க வழி. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கினார். முதலியாருக்கு அது பெரிதாகவே படவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை. அப்போது அவருக்கு வயது 25.

அந்த ஒரு கேள்விதான் நோக்கம். அது ஐயர் தன் உள்ளத்தைத் தோண்டி எடுத்தது இல்லை. கச்சேரி உத்தியோகம் பார்க்கிற ஒருவர் வெளியிலிருந்து போட்டது. ஆனால் அந்தக் கேள்வி போய் விழுந்த இடம் ஆண்டுக்கணக்கான பயிற்சியால் பண்பட்டிருந்தது. பகலில் கல்லூரிப் பாடம். மீதி நேரமெல்லாம் ஏடு. விளங்காத இடங்களுக்காகக் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய்ப் பாடம் கேட்டார். சிந்தாமணி 1887இல் அச்சாயிற்று. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. அதே கேள்வி, ஏடு படிக்கும் பழக்கமில்லாத ஒருவரிடம் கேட்கப்பட்டிருந்தால் அன்று மாலையே மறந்துபோயிருக்கும். ஆகவே மாணவர்களே, நோக்கம் தெரியவில்லையே என்று கலங்காதீர்கள். ஏதாவது ஒன்றை ஒழுங்காகச் செய்துகொண்டிருங்கள். கேள்வி கேட்கக்கூடிய பெரியவர்கள் இருக்கிற இடத்துக்கு அடிக்கடி போங்கள்.

அப்படிப்பட்ட இடம் வேண்டுமே! அதனால் என் கடைசி வார்த்தை மாணவர்களுக்கு இல்லை. இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்காரர்களுக்கும் இந்த வாசகசாலைக் குழுவினருக்கும். ஆண்டுதோறும் வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று இந்த மேடையில் வருத்தப்படுகிறோம். இந்த வாசகசாலை மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படுகிறது. கடையில், பட்டறையில், அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இறங்குகிற பேருந்து ஏழரைக்குத்தான் வருகிறது. தயவுசெய்து இரவு ஒன்பதரை வரை திறந்து வையுங்கள். பெண்களுக்கென்று நல்ல வெளிச்சத்தோடு இருக்கைகள், சுத்தமான கழிப்பறை, பிள்ளைகளை உட்கார வைக்க ஒரு மூலை வேண்டும். வாரம் ஒரு நாளாவது, வருகிற இளைஞனிடம் 'நீ என்ன படிக்கிறாய்?' என்று கேட்க ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை உட்கார வையுங்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்காக ஒதுக்கியிருக்கிற தொகை இதற்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு சொற்பொழிவு நடக்காவிட்டால் யாருக்கும் நட்டம் இல்லை.